பிப்ரவரியில் போய்ச் சேருங்கள்: பிரிட்ஜ்வாட்டர் கார்னிவலில் கைகொடுக்க விரும்பும் புதியவர்களுக்கு

இங்கிலாந்தின் சாமர்செட் பக்கம் வேலைக்கு வந்த நம்மவர்கள் கொஞ்சம் பேர் இல்லை. ஹிங்க்லி பாயிண்ட் சி அணுமின் நிலையக் கட்டுமானத்துக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள், டாண்டன் மஸ்க்ரோவ் பார்க் மருத்துவமனைக்கு வந்த நர்ஸுகளும் டாக்டர்களும் இருக்கிறார்கள். இவர்களில் பலர் வந்த முதல் நவம்பரிலேயே பிரிட்ஜ்வாட்டர் கார்னிவலைப் பார்த்துவிடுகிறார்கள். நவம்பர் முதல் சனிக்கிழமை இருட்டியதும் ஊர்வலம் கிளம்பும். நம்ம ஊர்த் தேர் உயரத்துக்கு, ஆனால் 100 அடி நீளத்துக்கு, உடம்பு முழுக்க பல்பு எரிய வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நடை வேகத்தில் வரும். மேலே ஆட்கள் ஆடுவார்கள், அல்லது சிலைபோல நிற்பார்கள். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில் பலருக்கும் தோன்றும் கேள்வி: இதையெல்லாம் யார் செய்கிறார்கள்? நாமும் சேர முடியுமா?

செய்வது சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள். நீங்களும் சேரலாம். ஆனால் அந்த உற்சாகத்தில் நவம்பரிலேயே போய்க் கதவைத் தட்டாதீர்கள். அப்போது எல்லோரும் தூக்கமில்லாமல் இருப்பார்கள், உங்களுக்கு எதையும் சொல்லித்தர ஆள் இருக்காது. பிப்ரவரியில் போங்கள். கூட்டமும் கைதட்டலும் இல்லாத அந்த மாதங்களில்தான் ஆள் பஞ்சம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வண்டி கட்டும் ஷெட்டில் யாராவது கேட்டால் விழிக்காமல் இருக்க. 1605 நவம்பர் 5 அன்று லண்டன் நாடாளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்கக் கத்தோலிக்கர் சிலர் போட்ட சதி பிடிபட்டது. கய் ஃபாக்ஸ் என்பவர் வெடிமருந்துப் பீப்பாய்களோடு சிக்கினார். அன்று அங்கே வரவிருந்த அரசர் தப்பித்ததை நாடெங்கும் தீ மூட்டிக் கொண்டாடினார்கள். பிரிட்ஜ்வாட்டர் புராட்டஸ்டன்ட் பிடிப்பு மிகுந்த ஊர், அதனால் கொண்டாட்டமும் தூக்கல். ஊர் நடுவில் இருக்கும் கார்ன்ஹில்லில் பழைய மரப் படகையே வைத்துக் கொளுத்துவார்கள். அந்தத் தீயை நோக்கி முகமூடியும் வேஷமுமாக வந்த கூட்டங்கள்தான் பிறகு ஊர்வலமாயின. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் முறையான கமிட்டி வந்தது. படகு எரிப்பது பின்னாளில் நின்றுவிட்டது, ஊர்வலம் நிற்கவில்லை. கோவிட் காரணமாக 2020இல் நடக்கவில்லை, அதை ஊரில் இன்றும் துக்கம் விசாரிப்பதுபோல்தான் பேசுவார்கள். மதப் பகை இன்று யார் மனதிலும் இல்லை. கத்தோலிக்கர்களும் கிளப்களில் இருக்கிறார்கள், நம்மவர் போனாலும் மதம் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

எதில் சேரப் போகிறீர்கள்?

இங்கே புதியவர்கள் குழம்புவார்கள். கார்னிவலில் இரண்டு தரப்பு உண்டு.

ஒன்று, கார்னிவல் கமிட்டி. ஊர்வலத்தை நடத்துவது இவர்கள். சாலை மூடுவது, காவல்துறையோடும் கவுன்சிலோடும் பேசுவது, காப்பீடு, முதலுதவி, நடுவர்கள், உண்டியல் வசூல், வழிநெடுக நிற்கும் மார்ஷல்கள் எல்லாம் அவர்கள் பொறுப்பு. இவர்களும் தன்னார்வலர்கள்தான்.

இன்னொன்று, கார்னிவல் கிளப்கள். வண்டி கட்டுவது இவர்கள். இங்கே அந்த வண்டியை கார்ட் என்பார்கள். கிரெம்லின்ஸ், ராம்ப்ளர்ஸ், மார்க்கெட்டியர்ஸ், வேகபாண்ட்ஸ், வில்ஸ், கிரிஃபென்ஸ், பிரிட்டிஷ் ஃப்ளாக் என்று பிரிட்ஜ்வாட்டரில் மட்டுமே பல கிளப்கள். சுற்றுவட்டார ஊர்களிலும் தனித்தனிக் கிளப்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி நிறம், தனி ஜாக்கெட், தனிப் பெருமை. தாத்தா இருந்த கிளப்பில் பேரன் இருப்பது இங்கே சாதாரணம்.

மாதத்துக்கு ஒரு சாயங்காலம்தான் கிடைக்கும், ஷிஃப்ட் எப்போது மாறும் என்றே தெரியாது என்றால் கமிட்டிப் பக்கம் போங்கள். கார்னிவல் இரவில் மார்ஷலாக நிற்கவும் உண்டியல் வாளி ஏந்தவும் அவர்களுக்கு எத்தனை பேர் வந்தாலும் போதாது. வாரம் ஓரிரண்டு மாலையாவது ஒதுக்க முடியும், கையில் அழுக்குப் படுவது பிடிக்கும் என்றால் கிளப். என்னைக் கேட்டால் கிளப் என்றுதான் சொல்வேன். நண்பர்கள் அங்கேதான் கிடைப்பார்கள்.

ஒரு சங்கதியை முதலிலேயே பார்த்துவிடுங்கள். ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் இருப்பவர்கள் சம்பளமில்லாத தன்னார்வ வேலை செய்யத் தடையில்லை. வேறு வகை விசா என்றால் அதன் நிபந்தனைகளைப் படித்துவிட்டுப் போங்கள். குழந்தைகளோடு வேலை செய்யும் பொறுப்பு எதையாவது எடுத்தால் டிபிஎஸ் எனும் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு கேட்பார்கள். மருத்துவமனையில் ஏற்கெனவே எடுத்திருந்தாலும் மறுபடி எடுக்கச் சொன்னால் கோபப்படாதீர்கள்.

கிளப்பைத் தேர்வு செய்வது

வண்டியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். கோப்பை வாங்கும் கிளப்பில் சேரத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் பெரிய கிளப்பில் முதல் இரண்டு வருடம் நீங்கள் பெயின்ட் டப்பா கழுவிக்கொண்டிருக்கலாம். சின்னக் கிளப்பில் ஆள் குறைவு, அதனால் மூன்றாவது வாரமே உங்கள் கையில் டிரில் இருக்கும். வீட்டுக்குப் பக்கத்தில் எந்த ஷெட் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஜனவரி மழையில், வேலை முடிந்து வந்த களைப்பில், அரை மணி நேரம் கார் ஓட்டிப் போக மனசு வராது.

அடுத்தது, அந்தக் கிளப் எந்த வகை வண்டி கட்டுகிறது என்பது. ஃபீச்சர் வண்டியில் இசைக்கு ஏற்ப எல்லோரும் ஆடுவார்கள், வண்டியின் பாகங்களும் சுழலும், ஏறி இறங்கும். டேப்லோ வண்டியில் ஏறியவர்கள் ஊர்வலம் முடியும் வரை அசையவே கூடாது. இவை தவிர நடந்து போகும் குழுக்கள், தனி வேஷக்காரர்கள், சிறுவர்களுக்கான ஜூனியர் வண்டிகளும் உண்டு. பிள்ளைகள் இருக்கும் குடும்பம் என்றால் ஜூனியர் கிளப் நல்ல வாசல். பிள்ளை ஆடும், அப்பா சுத்தியல் பிடிப்பார், அம்மா கணக்கு எழுதுவார். அல்லது மாறி, அம்மா வெல்டிங், அப்பா தையல். இரண்டையும் அங்கே யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை.

கிளப்களுக்கு முகநூல் பக்கம் இருக்கும். ஒரு வரி எழுதிப் போட்டால் போதும்: 'புதியவன், கார்னிவல் வேலை எதுவும் தெரியாது, செவ்வாய்க்கிழமை மாலைகளில் வரமுடியும்.' தெரிந்த திறமைகளைப் பட்டியல் போடுவதைவிட எந்தக் கிழமை வரமுடியும் என்று சொல்வதுதான் அவர்களுக்குப் பயன்படும்.

முதல் நாள் ஷெட்டில்

ஷெட் என்றதும் தோட்டத்து மூலையில் இருக்கும் தகரக் கொட்டகையை நினைத்துக்கொள்ள வேண்டாம். 16 அடி உயர, 11 அடி அகல வண்டியைச் சுற்றிவர இடம் வேண்டும், ஆகவே அது ஒரு கிடங்கு. குளிரும். ஹீட்டர் இருக்கும், அதன் பக்கத்து நாற்காலி வயதில் மூத்த உறுப்பினருக்கு என்று எழுதாத சட்டம் இருக்கும். பழைய ஜீன்ஸ், முன்பகுதி இரும்பு வைத்த பூட்ஸ், உள்ளே இரண்டு அடுக்கு சட்டை, இவ்வளவும் போட்டுக்கொண்டு போங்கள். நல்ல ஜாக்கெட்டில் ஒரு சொட்டு பெயின்ட் விழுந்தால் அதோடு முடிந்தது.

போனதும் உறுப்பினர் படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். சந்தா பெரிய தொகையாக இருக்காது. கிளப்பின் காப்பீடு உறுப்பினர்களுக்குத்தான், படிவம் தராமல் எந்தக் கருவியையும் தொடக்கூடாது. அப்புறம் மூன்று விஷயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: மெயின் சுவிட்ச் எங்கே, தீயணைப்பான் எங்கே, முதலுதவிப் பெட்டி எங்கே. பாலிஸ்டைரின் (நம்ம ஊர் தெர்மகோல்), ஃபைபர் கிளாஸ், பெயின்ட், வெல்டிங் பொறி எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம் அது.

பிப்ரவரியில் வண்டி எப்படி இருக்கும்? எலும்புக்கூடு. போன வருட வேஷம் எல்லாம் உரிக்கப்பட்டு, கீழே சேசிஸும் அதன்மேல் புதிதாக எழும்பும் இரும்புச் சட்டமும்தான் இருக்கும். பெரிய கிளப்கள் பெரும்பாலும் வருடா வருடம் புதுத் தீம் எடுக்கும், அதனால் ஏறக்குறைய எல்லாமே முதலிலிருந்து. வெல்டிங் தெரிந்தவர்கள் சட்டம் போட, அதன்மேல் பிளைவுட் ஏறும், பாலிஸ்டைரினைச் செதுக்கிச் சிங்கமோ டிராகனோ ஆக்குவார்கள், மேலே பூச்சு, அதற்கு மேல் பெயின்ட். இந்த வேலைகளில் பாதியை உள்ளூர்த் தச்சர், பிளம்பர், பள்ளி ஆசிரியை, லாரி டிரைவர் என்று பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள்தான் செய்கிறார்கள். மற்றவர் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள் அவர்கள்.

முதல் சில வாரம் உங்களுக்குக் கிடைப்பது தேய்ப்பது, பெருக்குவது, பலகை பிடிப்பது, டீ போடுவது. மாட்டேன் என்று சொல்லாதீர்கள். பொறியாளர்களுக்கு இங்கே ஒரு தனி வார்த்தை: வரைபடம் இல்லாமல், கணக்கு இல்லாமல், கண்ணளவில் ஒரு சட்டத்தை வெட்டுவதைப் பார்த்தால் உங்களுக்குக் கை பரபரக்கும். முதல் வருடம் வாயைத் திறக்க வேண்டாம். அந்த மனிதர் முப்பது வருடமாக அப்படி வெட்டுகிறார், அது விழுந்ததில்லை. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உடனே சொல்லுங்கள், அதற்கு யாரும் கோபிக்க மாட்டார்கள்.

வேலை முடிந்ததும் பெரும்பாலும் பப் பக்கம் போவார்கள். குடிப்பழக்கம் இல்லாவிட்டால் லெமனேடு போதும், யாரும் வற்புறுத்துவதில்லை. ஆனால் ஒருவர் உங்களுக்கும் சேர்த்து வாங்கினால் அடுத்த ரவுண்டு உங்களுடையது. இதை மறந்தவர்களை ஊர் மறக்காது.

பல்பு

கார்னிவல் வேலைகளில் புதியவர்களுக்கு ஏற்றது பல்பு வேலை. பெரிய வண்டியில் 20,000 பல்புக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் கையில் எடுத்து மாட்டியாக வேண்டும்.

பழைய பாணி என்றால், முதலில் சோதனைப் பலகையில் வைத்து எரிகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் வண்ணக் கரைசலில் முக்கித் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும். சாயம் திட்டுத்திட்டாக இருந்தால் எரியும்போது நன்றாகத் தெரியும். காய்ந்ததும் ஹோல்டரில் அழுத்தித் திருப்பிப் பூட்டுவது. முழுக்கப் பூட்டாமல் விட்டால் அன்றைக்கு எரியும், வண்டி சாலையில் குலுங்கியதும் அணையும். அதனால் 'டிக்' என்று உட்காரும் உணர்வு விரலுக்குத் தெரியும்வரை பொறுமை வேண்டும். ஒரு மாலையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டே நூற்றுக்கணக்கில் மாட்டிவிடுவார்கள். ஊர்க்கதை முழுவதும் உங்களுக்குத் தெரியவருவது இந்த வேலையில்தான். ஆங்கிலம் தடுமாறுகிறவர்களுக்கும் இது நல்ல இடம். கை வேலை செய்துகொண்டிருக்கும்போது வாய் தானாகத் திறக்கும்.

இழை பல்புகள் கடைகளிலிருந்து மறைந்துவிட்டதால் கிளப்கள் எல்இடி பக்கம் போய்க்கொண்டிருக்கின்றன. பழைய ஆட்கள் சிலருக்கு அதில் மனக்குறை. இழை பல்பின் மஞ்சள் சூடு எல்இடியில் வராது என்பார்கள். மின்சாரமும் ஜெனரேட்டரும் எவ்வளவு மிச்சமாகும் என்று இளையவர்கள் கணக்குச் சொல்வார்கள். ஷெட்டில் இந்த வழக்கு தினமும் நடக்கும். நீங்கள் தீர்ப்புச் சொல்லாமல் பல்பை மாட்டுங்கள்.

வயரிங் வேறு கதை. வண்டியின் பின்னால் இழுத்து வரும் டீசல் ஜெனரேட்டர் ஒரு தெருவுக்கே மின்சாரம் கொடுக்கக்கூடிய அளவு பெரியது. மழையில், இரும்புச் சட்டத்தில், மனிதர்கள் ஏறி நிற்கும் மேடையில் அந்த மின்சாரம் ஓடுகிறது. கிளப்பின் எலக்ட்ரீஷியன் சொல்லாமல் ஒரு வயரைக்கூட நகர்த்தாதீர்கள், வீட்டில் நீங்கள் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் சரி.

காசு சேர்ப்பது

இதற்குப் பெரும்பாலும் யாரும் கை தூக்குவதில்லை. கிளப்பைக் காப்பாற்றுவது இதுதான். இரும்பு, மரம், பெயின்ட், துணி, டீசல், டிராக்டர், ஷெட் வாடகை, காப்பீடு என்று ஒரு பெரிய வண்டிக்குப் பல பத்தாயிரம் பவுண்டு போய்விடும். பரிசுத்தொகை அதில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. மேற்கு இங்கிலாந்தில் பல ஊர்களில் கார்னிவல் நின்றுபோனதற்கும் இளைத்துப்போனதற்கும் காரணம் கேட்டால் இரண்டே பதில்தான்: ஆள் இல்லை, பணம் இல்லை. சாலை மூடும் செலவும் பாதுகாப்புச் செலவும் ஏறிக்கொண்டே போகின்றன.

ஆகவே வருடம் முழுக்க பிங்கோ, வினாடி வினா இரவு, ராஃபிள் எனும் பரிசுச் சீட்டுக் குலுக்கல், பழைய பொருள் விற்கும் கார் பூட் சந்தை என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். ஸ்கிட்டில்ஸ் இரவும் உண்டு. மரக்கட்டைகளை நிறுத்தி உருண்டையை உருட்டி வீழ்த்தும் ஆட்டம், இந்தப் பக்கத்து பப்களில் அதற்கென்றே நீளமான கூடம் இருக்கும். ராஃபிள் சீட்டு விற்க உங்கள் அலுவலகத்தில் ஒரு புத்தகம் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். புதிய முகம் புதிய வட்டத்தைக் கொண்டுவருவதுதான் கிளப்புக்கு உங்களால் கிடைக்கும் உடனடி லாபம். அதே பத்துப் பேரிடமே வருடா வருடம் சீட்டு விற்று அவர்களும் அலுத்திருப்பார்கள்.

உணவு விற்பனைக்கு பஜ்ஜி, சமோசா போட்டுத் தரலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தரலாம், நன்றாகப் போகும். கடலை, முந்திரி, பால், கோதுமை எதெது இருக்கிறது என்று தாளில் எழுதி ஒட்ட வேண்டும். உணவு விற்கும் விதிமுறை பற்றிக் கிளப் செயலாளரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: இரண்டு தடவை பஜ்ஜி போட்டுவிட்டால் உங்களுக்கு 'பஜ்ஜிக்காரர்' என்று பெயர் விழுந்து ஷெட் வேலை கிடைக்காமலே போகலாம். எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மேலே ஏறுவதா, கீழே நடப்பதா

கோடையில் நடனப் பயிற்சி, ஆடை அளவு எல்லாம் தொடங்கிவிடும். வண்டியில் ஏறி ஆட விருப்பம் என்றால் அதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். உடல்வாகு, வயது பற்றிக் கூச்சப்படாதீர்கள். எல்லா அளவிலும் ஆட்கள் ஆடுகிறார்கள். ஆனால் பயிற்சிக்கு ஒழுங்காக வராதவரை யாருக்கும் பிடிக்காது. பல மணி நேரம் ஒரே பாட்டு திரும்பத் திரும்ப ஓடும், ஒவ்வொரு முறையும் முதல் முறைபோலச் சிரித்துக்கொண்டே ஆட வேண்டும்.

டேப்லோ இன்னும் கடினம். பார்ப்பவருக்குச் சும்மா நிற்பதுபோல் இருக்கும். கையை உயர்த்திய நிலையில், ஒரு காலில் பாரம் போட்டு, கண் சிமிட்டுவதைக்கூட அடக்கிக்கொண்டு நின்று பாருங்கள், பத்தாவது நிமிடம் தோள் எரியும். அனுபவஸ்தர்கள் சட்டத்துக்குள் மறைவாக வைத்த கம்பியில் இடுப்பைச் சாய்த்துக்கொள்வார்கள். நிலையைத் தேர்ந்தெடுக்கும்போதே முழங்காலைப் பூட்டாமல் லேசாக மடக்கி வைப்பார்கள், இல்லாவிட்டால் தலை சுற்றும். பல்பு நிறைந்த வண்டியில் மேலே சூடு, கீழே காற்று. மெல்லிய தெர்மல் உடை ஒன்றை வேஷத்துக்கு உள்ளே போட்டுக்கொள்வது எல்லோரும் செய்வதுதான்.

மேடை வேண்டாம் என்பவர்களுக்குத் தையல் அறை இருக்கிறது. நாற்பது பேருக்கு ஒரே மாதிரி ஆடை தைக்க ஆள் எப்போதும் தேவை.

தீம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கார்னிவல் வண்டிகள் உலகம் முழுவதிலிருந்தும் கதை எடுக்கும். மகாராஜா, யானை, புலி, கோயில் என்று ஒரு வருடம் உங்கள் கிளப்பும் கிளம்பலாம். அப்போது எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். சாமி சிலையை ஆட்டத்துக்கு நடுவில் வைப்பது உங்களுக்கு உறுத்தினால் வரைபட நிலையிலேயே, அமைதியாக, காரணத்தோடு சொல்லுங்கள். அக்டோபரில் சொன்னால் பயனில்லை, செதுக்கி முடித்திருப்பார்கள். சேலை கட்டும் விதம் தவறாக இருந்தால் கட்டிக் காட்டுங்கள், மகிழ்ச்சியோடு கற்றுக்கொள்வார்கள்.

செப்டம்பர் முதல்

செப்டம்பர் கடைசியில் செயின்ட் மாத்யூஸ் ஃபேர் என்ற பழைய சந்தைத் திருவிழா நான்கு நாள் நடக்கும். அது முடிந்ததும் ஷெட்டில் விளக்கு அணைவதே இல்லை. வாரம் இரண்டு நாள் என்பது தினமும் என்று ஆகும். அக்டோபரில் டவுன் ஹாலில் கார்னிவல் கான்சர்ட்டுகள் வேறு. கிளப்கள் மேடையேறிப் பாட்டும் நகைச்சுவை நாடகமும் போடும். உள்ளூர் நக்கல் பாதி புரியாது, பரவாயில்லை, திரை இழுக்கவும் நாற்காலி போடவும் போங்கள்.

உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நவம்பர் முதல் மூன்று வாரத்துக்கான விடுப்பை வருடத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்கிவிடுவது. நர்ஸுகளுக்கு இது சிரமம் என்று தெரியும். கார்னிவல் என்று சொன்னால் உள்ளூர் மேலாளர்களுக்குப் புரியும், அவர்களும் ஏதாவது ஒரு கிளப்பில் இருப்பார்கள்.

அந்த இரவு

வண்டியை ஷெட்டிலிருந்து வெளியே எடுப்பதே தனி நாடகம். டிராக்டர், வண்டி, ஜெனரேட்டர் எல்லாம் சேர்த்து ஒரு ரயில் பெட்டியைவிட நீளம். ஓட்டுநருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. ஆகவே நான்கு மூலைகளிலும் ஆட்கள் நடந்து வந்து திருப்பங்களில் குரல் கொடுக்க வேண்டும், மேலே போகும் கம்பிகளையும் மரக்கிளைகளையும் பார்க்க வேண்டும். முதல் வருடக்காரர்களுக்கு இந்த நடைதான் பெரும்பாலும் கிடைக்கும். ஒளிரும் ஜாக்கெட், டார்ச், கையுறை, மழைக்கோட்டு, பையில் இரண்டு சாக்லெட். சக்கரத்துக்கும் மக்களுக்கும் நடுவில் எப்போதும் நீங்கள் இருக்க வேண்டும். குழந்தைகள் நாணயம் எறிய ஓடிவரும், முன்வரிசையில் இருக்கும் குழந்தை மேல்தான் உங்கள் கண் இருக்க வேண்டும், வண்டியின் அழகில் அல்ல.

ஒருவர் பை நிறைய உதிரி பல்பு வைத்துக்கொண்டு கூடவே நடப்பார். ஒரு பல்பு அணைந்தால் மாற்றலாம். ஒரு பகுதி முழுக்க இருண்டால் அது ஃபியூஸ், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வாளி ஏந்தப் போனவர்களுக்கு: பேசாமல் வாளியை நீட்டாதீர்கள், சிரித்து, குலுக்கி, இரண்டு வார்த்தை பேசுங்கள். கையில் காசில்லை என்பவர்களுக்கு அட்டை தேய்க்கும் கருவி எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாளியின் முத்திரையை வழியில் எக்காரணம் கொண்டும் உடைக்கக்கூடாது.

ஊர்வலம் முடிந்ததும் ஹை ஸ்ட்ரீட்டில் ஸ்குவிபிங். நீளக் கழியின் நுனியில் கட்டிய வாணத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சுமார் 150 பேர் தெரு நெடுக வரிசையாக நிற்பார்கள். ஒரே நேரத்தில் பற்றவைத்ததும் தெருவுக்குக் கூரை போட்டதுபோல் தீப்பொறி கொட்டும். அந்தக் கழிக்குக் காஷ் என்று பெயர். முதல் வருடமே கழி கேட்காதீர்கள், கிளப்களில் அதற்கு வரிசை உண்டு. பார்க்கப் போகிறவர்கள் நைலான் துணியைத் தவிருங்கள். பருத்தியோ கம்பளியோ போட்டு, தலையில் தொப்பி வைத்து, தடுப்புக்குப் பின்னால் நில்லுங்கள். குழந்தைகளுக்குக் காதடைப்பான் நல்லது. வீட்டுக்குப் போனதும் முடியில் வெடிமருந்து வாசனை இரண்டு நாள் இருக்கும்.

அதோடு முடிந்துவிடாது

பலர் பிரிட்ஜ்வாட்டர் இரவோடு களைத்து மறைந்துவிடுகிறார்கள். ஆனால் அதே வண்டி அடுத்த இரண்டு வாரத்தில் சாமர்செட்டின் மற்ற ஊர்களுக்கும் போக வேண்டும். பர்ன்ஹாம், வெஸ்டன்-சூப்பர்-மேர், நார்த் பெதர்டன், வெல்ஸ், கிளாஸ்டன்பரி என்று சுற்று போகும். எந்தெந்த ஊர் என்பதும் தேதியும் வருடத்துக்கு வருடம் மாறலாம், கிளப் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஊரிலும் நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள், கூட்டினால் மாவட்டக் கோப்பை யாருக்கு என்று தெரியும். இந்தப் பயணங்களில்தான் ஆள் குறையும். வேலை நாள் மாலை, மழை, நள்ளிரவுக்கு மேல் திரும்புதல், மறுநாள் காலை வேலை. ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குள் கழன்ற பல்பு, கிழிந்த துணி, உடைந்த கொம்பு எல்லாம் சரிசெய்தாக வேண்டும். ஒரு இரவுக்கு மட்டும்தான் கை கொடுக்க முடியும் என்றால் பிரிட்ஜ்வாட்டர் சனிக்கிழமையை விட்டுவிட்டு நடுவார இரவு ஒன்றில் போய் நில்லுங்கள்.

கடைசி ஊர்வலம் முடிந்த வாரமே வண்டியை உரிப்பது தொடங்கும். பல்புகளைக் கழற்றிப் பெட்டியில் அடுக்குவது, வயரைச் சுற்றி வைப்பது, விற்கக்கூடிய உருவங்களைச் சின்னக் கிளப்களுக்குத் தள்ளிவிடுவது. மனசு கனக்கும் வேலை என்று சொல்வார்கள், எனக்கென்னவோ அது பிடிக்கும். எது எப்படிக் கட்டப்பட்டது என்று பிரிக்கும்போதுதான் விளங்கும்.

அப்புறம் ஆண்டுக் கூட்டம். அடுத்த தீம் பற்றிப் பேச அறை நிரம்பும், செயலாளர், பொருளாளர் பதவிக்கு யார் என்று கேட்டதும் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். பொருளாளர் பதவியை முதல் வருடம் ஏற்காதீர்கள், யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற பழைய கணக்கு உங்களுக்குத் தெரியாது. உறுப்பினர் பட்டியல் பார்த்துக்கொள்வது, ராஃபிள் பொறுப்பு, முகநூல் பக்கம், இப்படிச் சின்னதாக ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்கொண்டால், பிப்ரவரியில் புதிதாக வரும் ஆளுக்குப் பதில் எழுதுவதும் உங்கள் வேலையில் சேரும். அதே நாளில் எழுதிவிடுங்கள், ஒரு வாரம் தாமதித்தால் அவர் வேறு கிளப்புக்குப் போய்விடுவார்.